மாதிரிப் பால்

மல்லனஅள்ளி பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின்
இருபத்தெட்டாம் ஆண்டுப் பேரவை
காலை பத்தரைக்கு என்று அழைப்பில் இருந்தது.
குறைவெண் ஐம்பத்திரண்டு.
பதினொன்றே காலுக்கு முப்பத்தொன்பது பேர்.
மீதிப் பேரைத் தக்காளித் தோட்டங்களிலிருந்து
பைக் அனுப்பிக் கூட்டிவந்தோம்.
கிலோ ஆறு ரூபாய்க்கு விழுந்ததைப்
பறிப்பதா விடுவதா என்று நின்றவர்கள்
விரலில் பச்சைக் கறையோடே வந்து
கையெழுத்துப் போட்டார்கள்.
வருகைப் பதிவேடு இன்னும் தக்காளி இலை மணக்கிறது.

நான் செயலாளர், தீர்த்தகிரி.
வரவு செலவு வாசித்தேன்.
யாரும் கேட்பதில்லை என்பது
எனக்கும் தெரியும் அவர்களுக்கும் தெரியும்.
நிகர லாபத்தில் முதல் பங்கு காப்பு நிதிக்கு.
மாடு செத்தாலும் மழை பொய்த்தாலும்
அதைத் தொட எங்களுக்கு உரிமை இல்லை.
அடுத்தது போனஸ்.
போனஸ் என்றதும் விழித்துக்கொண்டார்கள்.
ஆயிரத்துக்கு மேல் ரொக்கம் பெட்டியில் இராத்தங்கக் கூடாது.
காசோலைக்கு இரண்டு கையெழுத்து:
ஒன்று என்னுடையது,
மற்றது தலைவர் மாதையனுடையது.
எங்கள் இருவருக்கும் வாய்க்கால் வழக்கு
பதினோரு வருஷமாய் நடக்கிறது.
அதனால்தான் கணக்கு சரியாயிருக்கிறது
என்பாள் என் மனைவி.

'ஏகமனதாக' என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.
கடைசி வரிசையில் இருசம்மாள் எழுந்தாள்.
உறுப்பினர் எண் நூற்று அறுபத்து மூன்று,
ஒற்றை மாடு, காலையில் மூன்றரை லிட்டர்.
'கொழுப்பு பாக்கறதுக்கு எங்கிட்ட எடுக்கறீங்களே
ஒரு கரண்டிப் பாலு,
பாத்த மிச்சம் எங்க போவுது?'

சிரிப்பு.
எங்கே போகிறதென்று எல்லாருக்கும் தெரியும்.
நூற்றுத் தொண்ணூறு கரண்டி சேர்ந்தால்
இரண்டு லிட்டர் சொச்சம்.
காலை டீ.
எனக்கு, அளவையாளருக்கு, பரிசோதகருக்கு,
பாலக்கோட்டிலிருந்து வரும் வேன் டிரைவருக்கு,
பேப்பர் படிக்க வருகிற மூன்று பேருக்கு.
போன வருஷம் தணிக்கைக்கு வந்தவருக்கும்
அதே பாலில்தான்,
ஏலக்காய் தட்டிப்போட்டு.

துணைவிதிப் புத்தகத்தை எடுத்தேன், அட்டை போயிருந்தது.
பதினான்காம் பக்கம்:
மாதிரிப் பால் சங்கத்தின் சொத்து,
விற்று வரவு வைக்கப்பட வேண்டும்.
அந்த வரியை நான் படித்திருக்கிறேன்.
படித்துக்கொண்டே குடித்துமிருக்கிறேன்.

மாதையன் செல்போனில் தட்டினார்.
லிட்டர் முப்பத்தைந்து,
நாள் முந்நூற்று அறுபத்தைந்து.
'இருபத்தையாயிரத்து ஐந்நூற்று ஐம்பது!'
வாய்க்கால் வழக்கில் ஜெயித்தவர் குரல்.
பிறகு நினைவு வந்திருக்க வேண்டும்,
இருப்பதிலேயே பெரிய டம்ளர் அவருடையது.

'டீய நிறுத்தச் சொல்லல' என்றாள் இருசம்மாள்.
'குடிங்க. எழுதிட்டுக் குடிங்க.'

தீர்மானம் ஏழு. முன்மொழிந்தவர் இருசம்மாள்.
வழிமொழிய ஆள் எழவில்லை.
வாசலில் நின்ற வேன் டிரைவர் கை தூக்கினார்.
உறுப்பினர் இல்லை, இறக்குங்கள் என்றேன்.
மின்விசிறி ஓடும் சத்தம் கொஞ்ச நேரம்.
கடைசியில் பச்சைக் கறை படிந்த கை ஒன்று.

மறுநாள் காலை ஐந்தே முக்கால்.
இருசம்மாளின் தூக்கிலிருந்து ஒரு கரண்டி.
பால்மானி மிதந்தது,
மிதந்த இடம் சரியில்லை.
இதரச்சத்து ஏழு புள்ளி ஒன்பது.
எட்டுக்குக் கீழே விலைவெட்டு. இதுவும் விதி.
மாசி மாதம், வரப்பில் புல் இல்லை,
காய்ந்த தட்டு மட்டுமே தின்கிற மாடு.
தண்ணீர் கலக்கவில்லை அவள், எனக்குத் தெரியும்.
எட்டு என்று போட்டால்
எந்தத் தணிக்கையிலும் அகப்படாது.
பேனா நின்றது.

ஜன்னலில் தலையை நீட்டினாள்.
'எவ்ளோ வந்திருக்கு?'
'ஏழு ஒம்போது.'
வரிசை அவள் முதுகுக்குப் பின்னால் காத்திருந்தது.
'அப்ப அத எழுதுங்க' என்றாள்.
தூக்கைக் கவிழ்த்து உதறிக்கொண்டு
தக்காளி பறிக்கக் கூலிக்குப் போனாள்.

உள்ளே டீ கொதித்தது.
புதுப் பேரேட்டின் முதல் பக்கம்:
மாதிரிப் பால், இரண்டு லிட்டர் நூறு மில்லி.
டம்ளர், நான்கு.
பேப்பர் படிக்கிறவர்கள்
அன்றைக்கு வரவில்லை.